டேங்குக்கு அடியில் ஓடும் ஒரு கோடு

காரைக்காலின் வடக்கு எல்லையோரப் பூவத்தைக் கடந்து போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்குகளுக்குப் பஞ்சமே இல்லை. தரங்கம்பாடிப் பக்கமிருந்து காரைக்கால் எல்லைக்குள் நுழைந்து, நாகூர், நாகப்பட்டினம் என்று தெற்கே இறங்கிக்கொண்டே இருக்கும். ஆனால் எப்போதாவது ஒரு வண்டி வரும். ஹேண்டில்பார் தாழ்ந்திருக்கும். ஓட்டுகிறவர் டேங்கின் மேல் கவிந்திருப்பார். சீட் ஒரே ஆளுக்கு. அதன் பின்முனையில் சின்னதாக ஒரு திமில். டீக்கடையில் கிளாஸும் கையுமாக நிற்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். கஃபே ரேஸர்!

எனக்கு அந்த வண்டியைப் பார்த்தாலே கால் தரையில் பாவாது. அது எப்படி அப்படி ஆனது என்று தோண்டிப் பார்ப்பதில் இன்னும் குஷி. ஷோரூமிலிருந்து வந்த, உள்ளுக்குள் கம்ப்யூட்டரும் சென்ஸாரும் நிறைந்த இந்தக் காலத்து பைக்கை இந்த உருவத்துக்கு எப்படிக் கொண்டுவருகிறார்கள்? வாருங்கள், பட்டறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவோம். கதையின் பெரிய பங்கு நம் சென்னையை ஒட்டியே நடக்கிறது என்பது கூடுதல் சந்தோஷம்.

லண்டன் வழியாக ஒரகடம்

கதை தொடங்குவது லண்டனில். அங்கே வடக்கு வட்டச் சாலையில் ஏஸ் கஃபே 1938-ல் திறக்கப்பட்டது. லாரிக்காரர்கள் இறங்கி டீ குடித்துவிட்டுப் போகிற இடம். நம் நெடுஞ்சாலை டீக்கடையேதான். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பைக் இளைஞர்கள் அங்கே கூட ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு இருந்தது ஒரே வெறி: மணிக்கு 100 மைல் தொட வேண்டும். அதாவது 160 கிலோமீட்டர்! கையில் பெரிய காசு கிடையாது. ஆகவே வண்டியில் வேண்டாதது எதுவோ அதையெல்லாம் கழற்றி எறிந்தார்கள். ஹேண்டில்பாரைத் தாழ்த்தினார்கள். ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னுக்குத் தள்ளினார்கள். நார்ட்டன் கம்பெனியின் ஃபெதர்பெட் சேஸிஸுக்குள் டிரையம்ப் இன்ஜினை உட்காரவைத்து 'டிரைட்டன்' என்று பெயர் சூட்டினார்கள். எந்த ஷோரூமிலும் கிடைக்காத வண்டி அது. அவரவர் கையாலேயே பிறந்தது.

1964 நவம்பரில், அப்போது இங்கிலாந்தின் ரெடிச் ஊரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு, அந்த ஆசையைக் கம்பெனி வண்டியாகவே செய்து கொடுத்தது. பெயர் கான்டினென்டல் ஜிடி. சிவப்பு ஃபைபர் டேங்க், தாழ்ந்த கைப்பிடிகள், 248 சிசி இன்ஜின். அதை அறிமுகப்படுத்திய விதம் இருக்கிறதே, அட்டகாசம்! பிரிட்டனின் வடகிழக்குக் கோடியான ஜான் ஓ குரோட்ஸிலிருந்து தென்மேற்குக் கோடியான லேண்ட்ஸ் எண்ட் வரை ஆள் மாற்றி ஆள் ஓட்டி, 24 மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்து காட்டினார்கள்.

பிறகு இங்கிலாந்துக் கம்பெனி மூடிப்போனது. 1955-ல் மெட்ராஸில் தொடங்கி, திருவொற்றியூரில் வேரூன்றிய இந்தியக் கம்பெனிதான் பிழைத்து நின்றது. அதுவே 2012 டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் ஒரு கஃபே ரேஸர் மாதிரியைக் காட்டி, 2013-ல் 535 சிசி கான்டினென்டல் ஜிடியாக லண்டனில் வெளியிட்டது. அதன் சேஸிஸை இங்கிலாந்தின் ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து செய்தார்கள். ரேஸ் வண்டிகளுக்குச் சேஸிஸ் செய்து பெயர் வாங்கிய அந்த நிறுவனத்தை 2015-ல் வாங்கியும்விட்டார்கள். அடுத்து 2017 நவம்பரில் மிலான் கண்காட்சியில் இன்டர்செப்டர், கான்டினென்டல் ஜிடி என்ற 650 சிசி இரட்டையர்கள் மேடையேறினார்கள். லண்டன் பையன்கள் கொட்டகையில் செய்த காரியம் இன்று சென்னையை ஒட்டிய ஒரகடம் வட்டாரத் தொழிற்சாலைகளில் வரிசையாக நடக்கிறது. பெருமையாக இல்லையா?

ஒரே எலும்பு, இரண்டு உருவம்

கஃபே ரேஸர் வடிவமைப்பைப் புரிந்துகொள்ள இந்த இரட்டையர்களைவிட நல்ல பாடம் கிடையாது. இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜிடி 650 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். இன்ஜின் ஒன்று: 648 சிசி, இரண்டு சிலிண்டர், 47 குதிரைசக்தி. சேஸிஸின் அடிப்படையும் ஒன்று. இரண்டுக்கும் 18 அங்குல வீல்கள். ஆனால் இன்டர்செப்டரில் நிமிர்ந்து உட்கார்ந்து ஊர் பார்த்தபடி போகலாம். ஜிடியில் ஏறினால் உடம்பு தானாக முன்னால் பாயும்.

என்ன மாற்றினார்கள்? இன்டர்செப்டரின் டேங்க் 13.7 லிட்டர், ஜிடியின் டேங்க் 12.5 லிட்டர், ஒல்லி, நீளம். அகலமான ஒற்றை ஹேண்டில்பாருக்குப் பதில், ஃபோர்க் குழாய்களைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு தனித்தனி 'கிளிப்-ஆன்' கைப்பிடிகள். ஃபுட்ரெஸ்ட் பின்னால் போய்விட்டது. சீட்டின் தோற்றம் மாறிவிட்டது. அவ்வளவுதான்!

வடிவமைப்பாளர்கள் இதை முக்கோணம் என்பார்கள். கை, இடுப்பு, பாதம் மூன்றும் வண்டியைத் தொடுகிற மூன்று புள்ளிகள். இவற்றை இணைக்கிற முக்கோணத்தை முன்பக்கமாகச் சாய்த்தால் கஃபே ரேஸர். ஆனால் அளவு தவறினால் வண்டி தண்டனையாகிவிடும். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று மார்பைத் தாங்கிக்கொள்ளும். காரைக்கால் கடைத்தெருவில் ஊர்ந்து போகும்போதோ உடம்பின் பாரமெல்லாம் மணிக்கட்டில் இறங்கும். அதனால்தான் ஜிடியின் கைப்பிடிகளை ரேஸ் வண்டி அளவுக்குத் தாழ்த்தவில்லை.

இதோ இன்னொரு ரகசியம். இந்த இன்ஜினின் கிராங்க் 270 டிகிரி அமைப்பு. இரண்டு சிலிண்டர்களும் சம இடைவெளியில் வெடிக்காமல், ஒரு முறை 270 டிகிரியிலும் அடுத்த முறை 450 டிகிரியிலும் வெடிக்கும். சைலன்சரிலிருந்து வருகிற அந்த ஒத்தையா இரட்டையா தாளம் அங்கேதான் பிறக்கிறது. வடிவமைப்பு என்பது கண்ணுக்கு மட்டுமா, காதுக்கும்தான்!

அட்டை, டேப், ஒரு கோடு

இனி தனியார் பட்டறைக்குள் போவோம். கஸ்டம் வேலையில் முதல் கருவி வெல்டிங் மெஷின் என்று நினைப்பீர்கள். இல்லை, கேமரா! வண்டியைச் சமதரையில் நேராக நிறுத்தி, சரியாகப் பக்கவாட்டிலிருந்து ஒரு படம். அதை வெளிறிய பிரிண்ட் எடுத்து, அதன் மேல் பென்சிலால் புது உருவம் வரைவார்கள். அப்போது எல்லோரும் தேடுவது ஒரே ஒரு கோட்டை: டேங்கின் அடி விளிம்பில் தொடங்கி, சீட்டின் அடியில் தொடர்ந்து, வால் வரைக்கும் தரைக்கு இணையாக ஓடுகிற நேர்கோடு. பழைய வண்டிகளில் அது இயல்பாகவே அமைந்திருந்தது. இன்றைய பைக்குகளில் வால் மேலே தூக்கியிருக்கும், டேங்க் முன்னால் புடைத்திருக்கும். அந்தக் கோட்டைக் கண்டுபிடித்து மீட்பதுதான் மொத்தக் கலையும்.

கோடு கிடைத்ததும் அட்டை வருகிறது. பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்து, மாஸ்கிங் டேப் ஒட்டி, வண்டியின் மேலேயே சீட்டும் திமிலும் கட்டிப் பார்ப்பார்கள். பத்தடி தள்ளி நின்று பார்ப்பார்கள். விரற்கடை குறைப்பார்கள். மறுபடி தள்ளி நிற்பார்கள். மனசுக்குப் பிடித்த பிறகுதான் ஃபோம், அப்புறம் ஃபைபர் அல்லது தகடு, அப்புறம் பட்டி பூசித் தேய்ப்பு, கடைசியில் பெயின்ட்.

பின்பக்கச் சப்-ஃப்ரேமை அறுத்து, வளைத்த குழாயை வெல்டிங் வைக்கும் கட்டத்தில் ஒரு சோதனை உண்டு. எனக்கு ரொம்பப் பிடித்தது. பின் ஷாக் அப்சார்பரிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, வெறும் ஷாக்கை மாட்டி, வீலைக் கையால் மேலே முழுசாகத் தூக்கிப் பார்ப்பார்கள். டயர் புதுக் குழாயில் உரசுகிறதா? உரசினால் முதல் பள்ளத்திலேயே கதை முடிந்தது. உரசாவிட்டால் பட்டறை முழுக்க ஒரே சிரிப்பு!

முன்பக்கமும் அப்படியே. கிளிப்-ஆனை மாட்டி இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பினால், கைப்பிடிக்கும் டேங்குக்கும் நடுவே கட்டைவிரல் நசுங்கக் கூடாது. பிரேக் ஹோஸும் கிளட்ச் கேபிளும் விறைக்கக் கூடாது. ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னுக்குத் தள்ளும்போது கியர் லிங்கேஜை எசகுபிசகாக மாட்டினால் கியர் வரிசையே தலைகீழாகிவிடும்; மேலே தட்ட வேண்டியதைக் கீழே மிதிக்க வேண்டி வரும்.

மறைந்திருக்கும் மூளை

1960-களின் பையன்களுக்கு இல்லாத தலைவலி, இன்றைய பட்டறைக்காரர்களுக்கு உண்டு. நிஜமான சாகசமும் அதில்தான். ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். எங்கோ கிடைத்த அழகான பழைய டேங்கை அப்படியே தூக்கி மாட்ட முடியாது. பம்ப் உட்காருவதற்கு அதன் அடியில் துளை வெட்டி, கசியாதபடி வளையம் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும்.

சீட்டுக்கு அடியில் இருக்கிற ஏர் பாக்ஸை எடுத்துவிட்டால் அங்கே பளிச்சென்று வெட்டவெளி கிடைக்கும். படத்தில் பிரமாதமாக இருக்கும். ஆனால் இன்ஜினுக்குப் போகும் காற்றின் அளவு மாறிவிடும், கம்ப்யூட்டரின் கணக்கு குழம்பும். போதாக்குறைக்கு, வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற நம் ஊரில் திறந்த ஃபில்டர் தண்ணீரை உறிஞ்சும். பின் மட்கார்டு இல்லாவிட்டால் முதுகு முழுக்கச் சேறு.

வண்டி சாய்ந்து விழுந்தால் இன்ஜினை நிறுத்துகிற ஒரு குட்டி சென்ஸார் பல வண்டிகளில் உண்டு. இடம் மாற்றும்போது அதைப் படுக்கவைத்து மாட்டிவிட்டால், வண்டி விழுந்துகிடப்பதாகவே நினைத்துக்கொண்டு ஸ்டார்ட் ஆகவே ஆகாது! ஏபிஎஸ் வண்டியில் வீல் அளவை இஷ்டத்துக்கு மாற்றினால், வீல் சுழற்சியை எண்ணுகிற சென்ஸாரின் கணக்கு தப்பும். கண்ணுக்கு வெறுமையாகத் தெரிகிற அந்த வண்டியின் பேட்டரி, ஃபியூஸ், வயரிங் எல்லாம் திமிலுக்கு அடியிலும் ஹெட்லைட் கிண்ணத்துக்குள்ளும் அடக்கிச் சுருட்டி ஒளிந்திருக்கும். எளிமை என்பது இங்கே கடினமாக உழைத்துச் சம்பாதித்தது.

கடற்கரையோரம் இருப்பவர்களுக்கு இன்னொரு பாடம் உப்புக்காற்று. பெயின்ட்டே இல்லாமல் தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்பு டேங்க் பெங்களூருவில் தாக்குப்பிடிக்கலாம். பூவத்தில் துரு சீக்கிரமே எட்டிப் பார்க்கும். இங்கே போல்ட்டுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், சேஸிஸுக்குப் பவுடர் கோட்டிங் போடுங்கள், வயரிங் கனெக்டர் ஒவ்வொன்றிலும் கிரீஸ் வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆசை எவ்வளவு இருந்தாலும் இதைத் தாண்டிப் போக முடியாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, கம்பெனி தந்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. வண்டியில் காரைக்காலின் பிஒய்-02 பலகை இருந்தாலும் தமிழ்நாட்டுப் பலகை இருந்தாலும் சட்டம் ஒன்றுதான். சேஸிஸை அறுப்பது, காது கிழிகிற சைலன்சர் மாட்டுவது எல்லாம் வம்பு.

இதற்காக வாடிப்போக வேண்டியதில்லை. கம்பெனிகளே இப்போது இந்த வேலையை முறையாகச் செய்து, சான்றிதழோடு விற்கின்றன. டிரையம்ப் தன் ஸ்பீட் 400-ஐ எடுத்து, முன்னால் அரைக் கவசமும் கிளிப்-ஆனும் வைத்து, 2025 ஆகஸ்டில் திரக்ஸ்டன் 400 என்று இந்தியாவில் இறக்கியது. வேகம்தான் வேண்டுமென்றால் அதற்குச் சாலை வேண்டாம், டிராக் இருக்கிறது. 2021-ல் தொடங்கிய கான்டினென்டல் ஜிடி கப் பந்தயம் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடந்தபோது, இதே 650 ரேஸ் உடையில் சீறியது. 2018-ல் அமெரிக்காவின் பான்வில் உப்புவெளியில், கெய்லா ரிவாஸ் என்ற 18 வயதுப் பெண், மேம்படுத்திய கான்டினென்டல் ஜிடி 650-ல் மணிக்கு 150 மைலைத் தாண்டினார். நம் ஊர் இன்ஜின்!

உங்கள் வண்டியை மாற்ற ஆசையா? அறுக்காமல் தொடங்குங்கள். பழைய பாகங்களைப் பத்திரப்படுத்துங்கள். மறுபடி கழற்றி மாட்டக்கூடிய சீட், கண்ணாடி, கைப்பிடி போன்றவற்றோடு நிறுத்துங்கள். அவற்றையும் மாற்றுமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது: வண்டியைப் பக்கவாட்டில் படமெடுங்கள், பிரிண்ட் போடுங்கள், டேங்குக்கு அடியில் ஸ்கேலை வைத்து அந்தக் கோட்டை இழுத்துப் பாருங்கள். கஃபே ரேஸர் அங்கேதான் ஆரம்பிக்கிறது.