நடப்பதற்கு ஓர் இடம்: பூங்காக்களும் ஆற்றங்கரைப் பாதைகளும் இதய நலமும்

இதயநோய்ச் சிகிச்சை பெற்று இல்லம் திரும்புவோரின் மருத்துவக் குறிப்பில், மாத்திரைகளின் பெயர்களுக்குக் கீழே "நாள்தோறும் 30 நிமிட நடை" என்று நாங்கள் எழுதுகிறோம். மாத்திரைகள் மருந்தகத்தில் கிடைத்துவிடும். ஆனால் நடப்பதற்கு இடம் எங்கே? நடைபாதையில் இருசக்கர வாகனங்கள் நிற்கின்றன. சாலையில் இறங்கினால் பேருந்து உரசிச் செல்கிறது. விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தால் நடையைக் கைவிட்டவர்களை எங்கள் புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி காண்கிறோம். அவர்களை மட்டும் குறை கூறுவது முறையன்று. ஆகவேதான், வாகனங்கள் நின்ற நிலமும் பாழ்பட்ட ஆற்றங்கரையும் பூங்காவாக மாறுவதை மருத்துவர்களாகிய நாங்களும் ஆர்வத்துடன் கவனிக்கிறோம்.

நடை உடலில் என்ன செய்கிறது?

நடக்கும்போது கால் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துப் பயன்படுத்துகின்றன. தொடர்ந்து நடந்துவந்தால் இரத்தக் குழாய்களின் நெகிழ்வுத்தன்மை மேம்படும். இரத்த அழுத்தம் குறையும். அதே வேலையை இதயம் குறைந்த துடிப்பில் செய்யப் பழகும். பெரியவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு மேற்கொள்ள வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. வாரத்தில் ஐந்து நாள்கள் அரை மணி நேரம் நடந்தாலே 150 நிமிடங்கள் நிறைவாகிவிடும்.

இடம் ஏன் முக்கியம்?

நெரிசல் மிகுந்த சாலையோரத்தில் நடப்பவர் வாகனப் புகையையும் சேர்த்தே சுவாசிக்கிறார். புகையிலுள்ள நுண்துகள்கள் நுரையீரலை மட்டுமன்றி இதயத்தையும் பாதிக்கின்றன. மரநிழல் வெப்பத்தைத் தணிக்கிறது; சமதளப் பாதை முதியோரை விழாமல் காக்கிறது. கால் இரத்தக் குழாய்களில் அடைப்பு உள்ளவர்கள் வலி வரும்வரை நடந்து, அமர்ந்து, வலி நீங்கியபின் மீண்டும் நடக்க வேண்டும்; அவர்களுக்குப் பாதையோர இருக்கையும் ஒரு சிகிச்சைக் கருவியே.

பசுமையைக் காண்பதிலும் பயன் உண்டு. பித்தப்பை அகற்றப்பட்ட 46 நோயாளிகளின் பதிவுகளை ஒப்பிட்டு ரோஜர் உல்ரிச் 1984இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களைவிட விரைவில் இல்லம் திரும்பினர். அவர்களுக்கு வீரியமிக்க வலிநிவாரணிகளும் குறைவாகவே தேவைப்பட்டன. இது சிறிய ஆய்வே எனினும், மருத்துவமனை வடிவமைப்பில் பெருந்தாக்கத்தை ஏற்படுத்தியது.

நகரங்கள் மாறிய விதம்

அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் வில்லமெட் ஆற்றை ஒட்டி விரைவுச்சாலை ஒன்று ஓடியது. 1974இல் அது மூடப்பட்டு, அவ்விடத்தில் 1978இல் பூங்கா திறக்கப்பட்டது. 2001இல் எதிர்க்கரையிலும் நடைபாதை அமைந்தது. பாலங்கள் இரு கரைகளையும் இணைப்பதால், மக்கள் இன்று ஆற்றைச் சுற்றி நடந்து புறப்பட்ட இடத்திற்கே வருகின்றனர். அந்நகரின் நடுவே வாகன நிறுத்துமிடமாக இருந்த ஒரு முழு மனையும் 1984இல் பொதுச் சதுக்கமாயிற்று.

தென்கொரியாவின் சியோலில் மேம்பாலச் சாலையை அகற்றும் பணி 2003இல் தொடங்கியது. அதன் அடியில் மறைந்திருந்த சியோங்கியேசியோன் ஓடை மீட்கப்பட்டு, 2005இல் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீள நடைவழியாகத் திறக்கப்பட்டது. கோடையில் ஓடைக்கரையின் வெப்பம் அருகிலுள்ள சாலைகளைவிடச் சில பாகைகள் குறைவாகவே உள்ளது.

சென்னையும் இதற்குப் புறம்பன்று. வாகனத்தில் அமர்ந்தவாறே சிற்றுண்டி உண்ணும் உட்லண்ட்ஸ் உணவகம் இயங்கிய கதீட்ரல் சாலை நிலத்தில், 2010இல் செம்மொழிப் பூங்கா உருவானது. கழிவுகளால் சீரழிந்திருந்த அடையாறு உப்பங்கழியின் 58 ஏக்கர் பரப்பு சீரமைக்கப்பட்டு, 2011இல் தொல்காப்பியப் பூங்காவாயிற்று.

நடையைத் தொடங்குவோர் கவனத்திற்கு

• மாரடைப்பு, இதய அறுவை சிகிச்சை ஆகியவற்றிற்குப் பின் மருத்துவரின் ஒப்புதல் பெற்றே தொடங்குக. முதலில் 5 அல்லது 10 நிமிடங்கள் போதும். படிப்படியாக நேரத்தைக் கூட்டுக.

• நடக்கும்போது பேச இயல வேண்டும். மூச்சு வாங்கிப் பேச்சு தடைபட்டால் வேகத்தைக் குறைத்திடுக.

• வயிறு நிறைய உண்டவுடனும் கடும் வெயிலிலும் நடத்தல் ஆகாது.

• நீரிழிவு உள்ளோர் காலுக்குப் பொருந்திய காலணி அணிந்து, சர்க்கரை அல்லது மிட்டாய் உடன் வைத்திருத்தல் வேண்டும். இல்லம் திரும்பியதும் பாதங்களில் கொப்புளம் உள்ளதா எனப் பார்த்திடுக.

• நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மயக்கம், வழக்கத்திற்கு மாறான மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினும் உடனே அமர்ந்து, 108ஐ அழைத்திடுக.

குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள்

நோயாளி வீடு திரும்பும் முன்பே அருகிலுள்ள பூங்காவை ஒருமுறை நேரில் பார்த்து வருக. பாதை சமமாக உள்ளதா, இருக்கைகளும் கழிப்பறையும் உள்ளனவா, நடைப்பயிற்சிக்கு எந்நேரத்தில் அனுமதிக்கின்றனர், கட்டணம் உண்டா என்பவற்றை அறிந்து கொள்க. முதற்சில நாள்கள் உடன் நடந்து செல்க. பூங்கா இல்லாத பகுதியில் வசிப்போர், தம் வார்டு உறுப்பினரிடம் அதற்கான கோரிக்கையை எழுத்து வடிவில் அளிக்கலாம். நடைபாதையை மறித்து நம் வாகனத்தை நிறுத்தாதிருப்பதோ இன்றே நம்மால் இயலும். அவ்வழியே நடந்து வருபவர், நேற்றுத்தான் மருத்துவமனையிலிருந்து இல்லம் திரும்பிய ஒருவராக இருக்கக்கூடும்.