குளத்தின் அளவை யார் முடிவு செய்வது?

பொது நீச்சல் குளம் ஒன்று பழுதாகிவிட்டால் செப்பனிடுவதா, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா? பொறியாளர் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வியாகத்தான் தோன்றும். நியூயார்க்கின் புரூக்ளினில் இதற்கு விடை கிடைக்க 28 ஆண்டுகள் ஆயின.

மெக்காரன் பூங்காக் குளம் 1936 ஜூலை 31 அன்று திறக்கப்பட்டது. பொருளாதாரப் பெருமந்தக் காலம் அது. வேலையற்றோருக்கு வேலை கொடுக்க அமெரிக்க அரசு ஒதுக்கிய பணத்தில், மேயர் லகார்டியாவும் பூங்காத் துறை ஆணையர் ராபர்ட் மோசஸும் அந்த ஒரே கோடையில் 11 பெரிய குளங்களைத் திறந்தார்கள். மெக்காரனில் ஒரே நேரத்தில் 6,800 பேருக்கு இடமிருந்தது.

1970களில் நகராட்சியின் கஜானா காலியானது. பராமரிப்பு நின்றது, தளம் வெடித்தது, குழாய்கள் கசிந்தன. 1984இல் குளம் மூடப்பட்டது. சீரமைக்கப் பணம் ஒதுக்கியும் வேலை நடக்கவில்லை. குடியிருப்பாளர்களில் ஒரு சாரார் அதை எதிர்த்து நின்றார்கள். இடித்துவிட்டுச் சிறியதாகக் கட்டினால் போதும் என்பது அவர்கள் வாதம். பெரிய குளம் என்றால் வெளியாட்கள் வருவார்கள், கலாட்டா நடக்கும் என்றார்கள். வெளியாட்கள் என்று அவர்கள் குறிப்பிட்டது பெரும்பாலும் பக்கத்துப் பகுதிகளின் கறுப்பினப் பிள்ளைகளையும் ஹிஸ்பானியப் பிள்ளைகளையும்தான்.

அமெரிக்காவில் இந்த அச்சத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1949இல் செயின்ட் லூயிஸ் நகரின் ஃபேர்கிரவுண்ட் பூங்காக் குளத்தைக் கறுப்பினத்தவருக்கும் திறந்துவிட்ட முதல் நாளே கலவரம் மூண்டது. அலபாமாவின் மான்ட்கோமரியிலோ, சேர்ந்து குளிப்பதைவிடக் குளமே இல்லாமலிருப்பது மேல் என்று மூடியே விட்டார்கள். புரூக்ளினில் யாரும் சட்டம் போட்டுத் தடுக்கவில்லை. குளத்தின் அளவைக் குறைக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். பொதுக் கட்டுமானத்துக்கான வரைபடத்தில் எண்களை நான் முதலில் பார்ப்பது இதனால்தான்.

மெக்காரனின் வறண்டு கிடந்த தொட்டியில் 2005இல் நடன நிகழ்ச்சி நடந்தது. பிறகு இசைக் கச்சேரிகள். 2007இல் குளியல் மாளிகையும் அதன் செங்கல் வளைவுகளும் பாதுகாக்கப்பட்ட சின்னமாயின. அதே ஆண்டு மேயர் புளூம்பெர்க் 5 கோடி டாலர் ஒதுக்கினார். 2012 ஜூனில் குளம் மீண்டும் திறந்தது. இம்முறை 1,500 பேருக்குத்தான் இடம். பழையதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் அது அக்கம்பக்கத்தாருக்கு மட்டுமான குளமாகச் சுருங்கிவிடவில்லை.

திறந்த சில நாட்களிலேயே உயிர்காப்பாளர்கள் தாக்கப்பட்டார்கள். அன்றே சொன்னோமே என்று பழைய குரல்கள் எழுந்தன. நகராட்சி குளத்தை மூடவில்லை, காவலைக் கூட்டியது. நுழைவு இலவசம். சாமான்களை வைத்துப் பூட்ட ஒரு பூட்டு மட்டும் கொண்டுவர வேண்டும்.