பட்டாசுத் தொழிற்சாலைக் காலணி

பட்டாசுத் தொழிற்சாலைக் காலணி என்பது பட்டாசு, தீப்பெட்டி போன்ற எளிதில் தீப்பற்றும் பொருட்கள் செய்யப்படும் இடங்களில் பணிபுரிவோர் அணியும் காலணியைக் குறிக்கும். அலுவலகத்திற்கோ கட்டுமானப் பணிக்கோ நல்லதெனக் கருதப்படும் தோல் காலணியின் சில சிறப்புகள் இவ்விடங்களில் குறைகளாகி விடுகின்றன. தடித்த இரப்பர் அடிப்பகுதி, மென்மையான உள்மெத்தை, குதிகாலில் அடித்த லாடம் ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள் ஆகும்.

தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசியைச் சுற்றியுள்ள பகுதிகள் இந்தியாவின் முதன்மையான பட்டாசு உற்பத்தி மையமாக விளங்குகின்றன. அருச்சுனா நதியின் அணையால் அறியப்படும் ஆனைக்குட்டம் இப்பகுதியில் உள்ள ஒரு சிற்றூர் ஆகும். நடுவண் அரசின் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்த பட்டாசு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு மையமும் இங்கேயே அமைந்துள்ளது.

யார் அணிகின்றனர்

வேதிப்பொருட் கலவையை இத்தொழிலில் மருந்து என்பர். மருந்து கலக்கும் அறையிலும் செலுத்தும் அறையிலும் வெறுங்காலுடன் பணிபுரிவது பரவலான வழக்கம். இதனை வறுமையின் அடையாளமாக மட்டும் பார்ப்பது தவறு. தரை மின்கடத்தும் தன்மை உடையதாக இருந்தால், உடலில் சேரும் மின்னூட்டத்தை வெறுங்கால் உடனுக்குடன் நிலத்திற்குக் கடத்திவிடும். எனினும் போர்மேன், மேற்பார்வையாளர், சுமை ஏற்றுவோர், ஓட்டுநர், ஆய்வுக்கு வரும் அலுவலர் ஆகியோர் காலணியுடனேயே வளாகத்தில் நடமாடுகின்றனர். காலணியைப் பற்றிய கேள்வி பெரும்பாலும் இவர்களையே சார்ந்தது.

இரும்பு

இரும்பு கல்லிலோ மணற்துகளிலோ உரசும்போது தீப்பொறி எழும். வெடிமருந்துக் கிடங்குகளில் இரும்பு ஆணி அடித்த காலணிகள் விலக்கப்பட்டதற்கு இதுவே காரணம். பழைய பிரித்தானியக் கிடங்குகளில் வீரர்கள் உடையையும் காலணியையும் மாற்றிக்கொள்வதற்கெனத் தனி அறை இருந்தது. இரும்பு ஆணிக்குப் பதிலாகச் செம்பு ஆணியோ மரமுளையோ கொண்டு தைத்த காலணிகள் அங்கே பயன்பட்டன. பிரித்தானியாவின் 1875 ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் தகுந்த காலணியைத் தனியே குறிப்பிட்டு, இரும்பும் மணலும் உள்ளே வராதிருக்க ஏற்பாடு செய்யப் பணித்தது. இந்தியாவின் வெடிபொருள் சட்டம் 1884 இல் இயற்றப்பட்டது. தற்போது நடைமுறையில் உள்ளவை 2008 ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் ஆகும்.

வாங்கும்போது காலணியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். குதிகால் பகுதி பெரும்பாலும் ஆணியால் பொருத்தப்படுகின்றது. புதிதில் ஆணி வெளியே தெரியாது. தேய்ந்த பின் தலைகாட்டும். ஒரு சிறு காந்தத்தை அடிப்பகுதியில் நகர்த்தினால் மறைந்துள்ள இரும்பை ஓரளவு அறியலாம். பாதத்தின் வளைவைத் தாங்க நடுவில் வைக்கப்படும் எஃகுப் பட்டையும் காந்தத்தை ஈர்க்கும் என்பதால் இச்சோதனை ஐயத்தைக் கிளப்புமே தவிர முடிவைத் தராது. ஒட்டியோ வார்த்தோ பொருத்திய அடிப்பகுதி கொண்டவை இங்கு ஏற்றவை. விரல்களைக் காக்கும் முன்கவசம் தேவையெனில் எஃகுக்குப் பதிலாகக் கூட்டுப்பொருளால் ஆனதைத் தேர்ந்தெடுக்கலாம்.

நிலைமின்னூட்டம்

இரும்பை விடக் கவனிக்கப்படாத இடர் இதுவாகும். மின்கடத்தாத் தரையில் வறண்ட காற்றில் நடக்கும் ஒருவரின் உடலில் 10,000 வோல்ட் வரை மின்னழுத்தம் சேரக்கூடும். மனித உடலின் மின்தேக்குத்திறனை 150 பிக்கோபாரட் எனக் கொண்டால், அதில் தேங்கும் ஆற்றல் 7.5 மில்லி யூல் ஆகும். இது மிகச் சிறிய அளவே எனினும் சில மருந்துக் கலவைகளைப் பற்றவைக்கப் போதுமானது. சுமார் 3,000 வோல்ட்டுக்குக் குறைந்த மின்னிறக்கத்தை மனிதர் உணர்வதே இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

இம்மின்னூட்டம் எவ்வளவு விரைவில் வடியும் என்பதைக் காலணியின் மின்தடையே பெரிதும் தீர்மானிக்கின்றது. மின்தடையையும் மின்தேக்குத்திறனையும் பெருக்கினால் கிடைக்கும் காலத்தில் மின்னூட்டம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்று மேலாகக் குறையும். 100 மெகா ஓம் தடையுள்ள காலணியில் அக்காலம் 0.015 நொடி. பத்து இலட்சம் மெகா ஓம் தடையுள்ள சாதாரண இரப்பரில் 150 நொடி. அதாவது இரண்டரை நிமிடம். அதற்குள் ஒருவர் வளாகத்தில் பல அறைகளைக் கடந்துவிடலாம்.

பாதுகாப்புக் காலணிகளுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 20345, 'ஏ' என்னும் குறியீடு பெற்ற நிலைமின் எதிர்ப்புக் காலணியின் தடை 1 இலட்சம் ஓம் முதல் 1,000 மெகா ஓம் வரை இருக்க வேண்டும் என்கிறது. இந்தியத் தரம் ஐஎஸ் 15298 இதனை ஒட்டியது. கீழ் எல்லை, பழுதான மின்கருவியைத் தொடுவோருக்கு ஓரளவு காப்பளிப்பதற்காக வைக்கப்பட்டது. 1 இலட்சம் ஓமுக்கும் குறைந்த தடையுடையவை மின்கடத்தும் காலணிகள் எனப்படும். வெடிபொருளைக் கையாள்வோருக்கு ஏற்றவை இவையே. ஆனால் மின்பணியாளர் இவற்றை அணிதல் கூடாது. ஒரே ஆலையில் இருவருக்கும் ஒரே வகைக் காலணி வாங்கிக் கொடுப்பது சிக்கனமாகத் தோன்றும். அது ஒருவருக்கு நிச்சயம் கேடு.

தோல்

காலணியின் மேற்பகுதிக்கு மேலடுக்கை அரைத்து நீக்காத தோலே சிறந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் நுண்ணிய சுருக்கங்கள் தோன்றி மறையும். நெகிழிப் பூச்சு இட்ட மலிவான தோலில் பூச்சு நாளடைவில் உரிந்துவிடும். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் பதனிடப்படும் குரோமியத் தோல் நீரையும் வெப்பத்தையும் நன்கு தாங்கும். ஆவாரம் பட்டை போன்ற தாவரப் பொருட்களால் பதனிட்ட தோல் விறைப்பானது, அடிப்பகுதிக்கு ஏற்றது.

தோல் அடிப்பகுதி ஈரத்தை உறிஞ்சுவதால் மின்னூட்டத்தை ஓரளவு கடத்தும். விருதுநகரின் வறண்ட கோடையில் அத்தோல் உலர்ந்து மின்தடை ஏறிவிடும் என்பதால் தோல் என்பதை மட்டும் நம்புதல் ஆகாது.

தீப்பெட்டித் தொழிலில் வேறொரு சிக்கலும் உண்டு. தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டு உள்ளது. குளோரேட்டுக் கரைசலில் நனைந்து உலர்ந்த தோல், உராய்விலேயே தீப்பற்றக்கூடிய பொருளாக மாறுகின்றது. ஆகவே குளோரேட்டு சிந்தும் இடத்தில் தோல் காலணியைத் தவிர்த்து, கழுவத்தக்க இரப்பர் காலணியையே அணிதல் நன்று. மருந்தும் கையாளப்படும் இடமெனில் அவ்விரப்பர் மின்கடத்தும் வகையாக இருத்தல் வேண்டும்.

பராமரிப்பு

நனைந்த காலணியை வெயிலில் காயவைத்தால் தோல் வெடிக்கும். செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துதலே முறை. இரண்டு இணைகளை நாள்விட்டு நாள் மாற்றி அணிந்தால் வியர்வை உலர நேரம் கிடைக்கும். மேற்தோலுக்குப் பாலிசு அல்லது சிறிதளவு விளக்கெண்ணெய் இடலாம். அடிப்பகுதியில் இவற்றைத் தடவுதல் கூடாது. மெழுகும் எண்ணெயும் மின்தடையை உயர்த்தும். அடியில் ஒட்டிய பசை, வண்ணம், தார் ஆகியவையும் அவ்வாறே.

கால்வலிக்காகக் கடையில் வாங்கிச் செருகும் நுரை மெத்தை ஒன்றே நிலைமின் எதிர்ப்புக் காலணியைப் பயனற்றதாக்கப் போதுமானது. பாதத்திற்கும் உள்அடிக்கும் இடையே சாதாரணக் காலுறையைத் தவிர வேறெதுவும் இருத்தல் ஆகாது. தேய்ந்த குதிகாலைத் தெருவோரத் தொழிலாளியிடம் சரிசெய்யக் கொடுக்கும்போது ஆணி அடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவர் நன்மை கருதியே லாடம் அடித்துத் தருவார்.

மருந்துத் தூள் படிந்த காலணியை வளாகத்திலேயே இதற்கென ஒதுக்கிய இடத்தில் கழற்றித் துடைத்து வைத்தல் வேண்டும். அதை வீட்டிற்கு அணிந்து செல்லுதல் கூடாது. பல வீடுகளில் காலணி விடும் வாசற்படியே குழந்தைகள் விளையாடும் இடமுமாகும்.

வளைவு, அழுக்கு, ஈரம் ஆகியவற்றால் மின்தடை நாளுக்கு நாள் மாறும். எனவே காலணியை அணிந்தபடி உலோகத் தகட்டில் நின்று, கையால் மற்றொரு முனையைத் தொட்டு அளவிடும் கருவியால் அறைக்குள் நுழையுமுன் சோதித்தல் பரிந்துரைக்கப்படுகின்றது. வாயிலில் உள்ள செம்புத் தகட்டைத் தொடுவது அதுவரை சேர்ந்த மின்னூட்டத்தை மட்டுமே நீக்கும். உள்ளே நடக்கும்போது புதிதாகச் சேர்வதைக் காலணியும் தரையுமே கடத்த வேண்டும்.