காற்றின் வேகமும் கணிப்பின் தப்படியும்

வீசும் காற்றையும் ஓடும் நீரையும் எண்களால் பின்தொடர்வது விஞ்ஞானத்தின் அரிய முயற்சிகளுள் ஒன்றாகும். வானிலைக் கணிப்பிற்காக வளிமண்டலம் எண்ணற்ற சிறு கட்டங்களாகப் பகுக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் நிலவும் காற்றின் வேகம், அழுத்தம், வெப்பம், ஈரம் ஆகியவற்றைக் கொண்டு, சில வினாடிகளுக்குப் பிந்திய நிலையைக் கணிப்பொறி கணக்கிடுகிறது. அந்நிலையிலிருந்து அடுத்த நிலையைக் காண்கிறது. இவ்வாறு ஒரே தடவையில் தாண்டப்படும் காலத்தைக் கணிப்பின் ‘தப்படி’ எனலாம். அதன் நீளத்தை எங்ஙனம் அமைப்பது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

கூரண்ட், பிரீட்ரிக்ஸ், லெவி என்னும் கணித அறிஞர் மூவர் 1928-இல் இதற்குரிய அடிப்படை விதியை வெளியிட்டனர். ஒரு தப்படிக் காலத்தில் காற்று கடக்கும் தொலைவைக் கட்டத்தின் அளவால் வகுத்தால் கிடைப்பது கூரண்ட் எண். எளிய கணக்கு முறைகள் பலவற்றில் இவ்வெண் 1-ஐ மீறலாகாது. மீறினால், சிறு பிழைகள் தப்படிக்குத் தப்படி பெருகி, இறுதியில் கணக்கே சிதைந்துவிடும்.

டபிள்யூ.ஆர்.எஃப். என்னும் வானிலைக் கணிப்பு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். கட்டத்தின் அகலம் எத்தனை கிலோமீட்டரோ, அதன் 6 மடங்கு வினாடிகளைத் தப்படியாகக் கொள்வது இதில் வழக்கம். 3 கிலோமீட்டர் கட்டத்திற்கு 18 வினாடி ஆகும். அமைதியான வானிலைக்கு இது போதும். ஆனால் இடிமேகம் ஒன்று எழுந்து, அதனுள் காற்று வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் மேலே பாய்வதாகக் கொள்வோம். 18 வினாடியில் அது 450 மீட்டர் ஏறும். அவ்விடத்தில் அடுக்கின் தடிப்பு 300 மீட்டரானால் கூரண்ட் எண் 1.5 ஆகிறது. தப்படியை 14.4 வினாடியாகக் குறைத்தால் அது 1.2-க்கு இறங்கும்.

இடிமேகத்திற்கு அஞ்சி முழுக் கணிப்பையும் குறுகிய தப்படியில் நடத்தினால் பொழுது வீணாகும். ஆதலின், தப்படியைக் காற்றின் போக்கிற்கேற்ப மாற்றிக்கொள்ளும் முறை வகுக்கப்பட்டது. அம்மென்பொருளில் இதற்கு வழக்கமாக வைக்கப்படும் இலக்கு 1.2 ஆகும். கூரண்ட் எண் இலக்கிற்குள் இருந்தால் தப்படி ஒரு தடவைக்கு 5 சதவீதம் வரை நீளலாம். இலக்கை மீறினால் குறுகும்.

பல செயலிகள் இணைந்த கணிப்பொறித் தொகுதியில் இதற்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு செயலியும் தன் பகுதியின் மிகப் பெரிய கூரண்ட் எண்ணைக் கண்டு தெரிவிக்கிறது. அவற்றுள் பெரியதே அனைவரது தப்படியையும் முடிவு செய்கிறது. ஒரு மூலையில் எழுந்த இடிமேகம் தொகுதி முழுவதன் நடையையும் தளர்த்திவிடும். எல். எஃப். ரிச்சர்ட்சன் 1922-இல் வெளியிட்ட நூலில், 64,000 பேர் கூடிக் கணக்கிடும் ஒரு மண்டபத்தைக் கற்பனை செய்தார். முந்துவோர் மீது ஒரு நிற ஒளியும் பிந்துவோர் மீது வேறு நிற ஒளியும் பாய்ச்சி, யாவரையும் ஒரே சீராக நடத்தும் தலைவர் ஒருவரையும் அங்கு நிறுத்தினார். அத்தலைவரின் கடமை இன்றும் நீங்கவில்லை.

எனவே, இம்முறையை அமைப்போர் நான்கு செய்திகளை மனத்திற் கொள்ளவேண்டும். முதலாவது, தப்படிக்கு மேல் எல்லை வேண்டும். மிக நீண்ட தப்படி சிதையாமல் நடப்பினும், மேகமும் மழையும் உருவாகும் போக்கைத் துல்லியமாகக் காட்டாது. இரண்டாவது, கீழ் எல்லையும் வேண்டும். இல்லையேல் கணிப்பு முடியுமுன் புயல் கரையைக் கடந்துவிடும். தப்படி கீழ் எல்லையிலேயே தங்கினால், செங்குத்தான மலைச்சரிவோ பிழையான தொடக்கத் தரவோ காரணமா என ஆராய்தல் நன்று. மூன்றாவது, முடிவுகளைப் பதிவு செய்யும் நேரங்களில் தப்படி சரியாக வந்து பொருந்துமாறு அமைக்கவேண்டும். நான்காவது, இரு கணிப்புகளை ஒப்பிட்டு ஆராயுங்கால் மாறாத தப்படியே உகந்தது; வெவ்வேறு தப்படிகளில் நடந்தவை இலக்கத்துக்கு இலக்கம் ஒத்திரா.

மேற்காட்டிய 18 வினாடிக் கணக்கை ஆசிரியர்கள் வகுப்பில் மாணவர்களைக் கொண்டே செய்விக்கலாம். களப்பணியாளர் அனுப்பும் காற்றளவுகளும் அழுத்த அளவுகளும் இக்கணிப்பின் தொடக்கத் தரவிற் சேர்கின்றன. தப்படி எத்துணைத் திறமாக அமைந்திருப்பினும், புறப்படும் இடம் பிழையானால் சேருமிடமும் பிழையாகும் என்பதை அவர்கள் உணர்ந்து செயற்படுவார்களாக.