கார் கண்ணாடிக்கு அப்பால் மிதக்கும் எண்கள்: 'ஹெட்-அப் டிஸ்ப்ளே' எப்படி வேலை செய்கிறது?

திண்டிவனத்தில் புதுச்சேரி வண்டிகள் இடதுபக்கம் பிரிந்துபோனதும், விழுப்புரம் நோக்கிய நான்குவழிச் சாலையில் நெரிசல் கொஞ்சம் குறையும். "அப்பாடா" என்று கால் தானாகவே ஆக்ஸிலரேட்டரை அழுத்தும். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி டோல்கேட், முண்டியம்பாக்கம் என்று சுமார் 40 கி.மீ. "எவ்ளோ ஸ்பீடுல போறோம்?" என்று ஓட்டுபவர் மீட்டரைக் குனிந்து பார்க்கிறார். எண்ணைப் படித்துவிட்டுக் கண் மறுபடி சாலைக்குத் திரும்ப ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 90 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு விநாடியில் கார் 25 மீட்டர் ஓடிவிடும். கரும்பு அரவைக் காலத்து இரவு என்றால், பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர் ஒன்று அந்த 25 மீட்டருக்குள்ளேயே போய்க்கொண்டிருக்கலாம்.

இந்தக் குனிதலைக் குறைக்கத்தான் ஹெட்-அப் டிஸ்ப்ளே, சுருக்கமாக ஹெச்.யு.டி. தலையை நிமிர்த்தியபடியே வேகத்தைப் படிக்கலாம். போர் விமானங்களில் இருந்த இந்த வசதியை, 1988-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் தனது ஓல்ட்ஸ்மொபைல் காரில் கொண்டுவந்தது. இங்கே அது சொகுசு கார்களின் சங்கதியாகவே இருந்தது. 2022-ல் மாருதி பலேனோவிலும் டொயோட்டா கிளான்ஸாவிலும் வந்த பிறகுதான் நடுத்தரக் குடும்பங்களின் கண்ணில் பட்டது.

எண் கண்ணாடி மேல் தெரிகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இரவு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்திருப்பீர்கள். உள்ளே விளக்கு எரியும்போது, உங்கள் முகம் வெளியே வயல் மேல் மிதந்து வருவதுபோல் தெரியும். முகம் கண்ணாடியிலிருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறதோ, பிம்பமும் அவ்வளவு தூரம் வெளியே இருக்கும். ஹெச்.யு.டி.யும் இதே வித்தைதான்.

டாஷ்போர்டுக்குள் சின்னத் திரை ஒன்று, பின்னால் இருந்து பளீரென்று எல்.இ.டி. வெளிச்சம். திரையில் எழும் எண் ஒரு குழியாடியில் பட்டு மேலே போகிறது. முகச்சவரக் கண்ணாடி முகத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதுபோல, இந்த ஆடி எண்ணைப் பெரிதாக்கித் தூரத்துக்கும் தள்ளுகிறது. முன்கண்ணாடி அதை ஓட்டுபவரின் கண்ணுக்குத் திருப்பிவிடுகிறது. அதனால் எண்கள் பானெட் முனைக்குப் பக்கத்தில், சுமார் இரண்டு மீட்டருக்கு அப்பால் மிதப்பதுபோல் இருக்கும்.

அந்த இரண்டு மீட்டரில்தான் விஷயமே இருக்கிறது. சாலையில் தூரத்தைப் பார்க்கும் கண், கைக்கெட்டும் தூரத்து மீட்டரைப் படிக்க ஃபோகஸை மாற்ற வேண்டும். வயது 40-ஐத் தாண்டி வெள்ளெழுத்து வந்துவிட்டால் இது இன்னும் சிரமம். பிம்பம் தள்ளி இருந்தால் கண்ணுக்கு அந்த வேலை குறையும்.

பலேனோ மாதிரி கார்களில் முன்கண்ணாடிக்குப் பதிலாக, மீட்டருக்கு மேலே நிமிரும் சின்னக் கண்ணாடிப் பலகை இந்த வேலையைச் செய்கிறது. செலவு குறைவு, பிம்பமும் சிறிசு. முன்கண்ணாடியிலேயே காட்டும் வகையில் ஒரு சிக்கல் உண்டு. அதன் உள்முகம், வெளிமுகம் இரண்டிலும் ஒளி பட்டுத் திரும்புவதால் எண் இரட்டையாகத் தெரியும். இதைத் தவிர்க்க, கண்ணாடியின் இரு அடுக்குக்கு நடுவே உள்ள பிளாஸ்டிக் படலத்தை மேலிருந்து கீழாக ஆப்பு வடிவில் மெலிதாக்குகிறார்கள். ஆகவே டிப்பரிலிருந்து தெறித்த ஜல்லியில் கண்ணாடி விரிந்துபோனால், "ஏதாவது ஒண்ணு போடுங்க" என்று சொல்லிவிட வேண்டாம். சாதாரணக் கண்ணாடி மாட்டினால் 80 என்ற எண்ணுக்கு மேலே இன்னொரு 80 நிழலாடும். ஹெச்.யு.டி. கண்ணாடிதானா என்று பில்லிலேயே எழுதி வாங்குவது நல்லது.

போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டால் எண் மங்கும், சில சமயம் மறைந்தே போகும். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியைத் தடுப்பதுதானே அந்தக் கூலிங் கிளாஸின் வேலை! அதற்கு ஹெச்.யு.டி. ஒளியும் எதிரொளிதான். இருக்கையை ஏற்றி இறக்கினாலும் எண் காணாமல் போகலாம், பிம்பத்தின் உயரத்தை செட்டிங்கில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

மஹிந்திரா 2024-ல் அறிமுகம் செய்த பி.இ. 6, எக்ஸ்.இ.வி. 9இ மின்சார கார்களில் அடுத்த கட்டம் வந்திருக்கிறது. திரும்ப வேண்டிய அம்புக்குறி சாலை மேலேயே வரைந்ததுபோல் தெரியும்.

ஆனால் கண் சாலைப் பக்கம் இருப்பதும், கவனம் சாலையில் இருப்பதும் ஒன்றல்ல. நாசா 1980-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சிமுலேட்டரில் ஹெச்.யு.டி. பார்த்தபடி தரையிறங்கிய விமானிகளில் சிலர், ஓடுபாதையில் நின்ற இன்னொரு விமானத்தைக் கவனிக்கவே இல்லை. அனுபவம் உள்ள விமானிகளுக்கே அந்த நிலை. காரில் வேகம், பாட்டு, போன் அழைப்பு, மேப் எல்லாவற்றையும் கண்ணெதிரே மிதக்கவிட்டால் என்ன ஆகும்? வேகமும் வழியும் போதும், மற்றதை செட்டிங்கில் அணைத்துவிடலாம். இரவில் வெளிச்சம் தானாகக் குறையாத கார் என்றால் கையால் குறைக்க வேண்டும்.

இன்னொன்று, ஹெச்.யு.டி.க்குக் கண் கிடையாது. மார்கழிப் பனியில் அது வேகத்தைத் தெளிவாகக் காட்டும், முன்னால் போகும் கரும்பு டிராக்டரைக் காட்டாது. அதைக் கண்டுபிடிக்க காரில் தனியாக ரேடாரோ கேமராவோ இருக்க வேண்டும். அவை இருந்து எச்சரித்தால்தான், ஹெச்.யு.டி. அந்த எச்சரிக்கையைக் கண்முன் காட்ட முடியும். வண்டி புக் பண்ணும்போது ஷோரூமில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.