அடுக்கினால் ஒரே வடிவில் அடுக்கு

"ஷீ லைக்ஸ் ரீடிங், சிங்கிங் அண்ட் டு குக்." ஆங்கில இலக்கணத் தேர்வுகளில் இந்த மாதிரி வாக்கியத்தைக் கொடுத்துப் பிழையைத் திருத்தச் சொல்வது வழக்கம். ரீடிங், சிங்கிங் இரண்டும் 'இங்' என்று முடிய, மூன்றாவது மட்டும் 'டு' போட்டு வருகிறது. 'குக்கிங்' என்று மாற்றினால் சரி. ஒரே வேலையைச் செய்யும் சொற்கள் ஒரே வடிவில் நிற்க வேண்டும் என்ற இந்த விதியே இணையமைப்பு. இலங்கையில் எம்பிலிப்பிட்டியவிலும் இரத்தினபுரித் தோட்டங்களிலும் தமிழில் படித்துச் சாதாரண தரப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கு இது புதிய விதியே அல்ல. "வாசிக்கவும் பாடவும் சமைக்கவும் பிடிக்கும்" என்பதில் கடைசியை 'சமைப்பது' என்று மாற்றினால் அந்தப் பிள்ளையின் காதிலேயே உறுத்தும். தமிழில் 'உம்' ஒவ்வொரு சொல்லோடும் ஒட்டி வருகிறது. கடைத்தெருவில் கேட்கும் சிங்களத்திலும் 'அம்மத் தாத்தத்' (அம்மாவும் அப்பாவும்) என்று இரண்டு சொல்லிலும் அடையாளம் உண்டு. ஆங்கிலத்திலோ 'அண்ட்' கடைசிச் சொல்லுக்கு முன்னால் ஒரே தரம்தான் வரும். காது பிடித்துக்கொள்ள அங்கே எதுவும் இல்லாததால் கண்தான் தேட வேண்டும்.

தேடும் வழி எளிது. பொதுவான தொடக்கத்தை ஒவ்வொரு சொல்லோடும் தனித்தனியே சேர்த்து வாசித்து, எல்லாம் ஒரே வடிவா என்று பார்க்க வேண்டும். 'நாட் ஒன்லி – பட் ஆல்சோ', 'ஐதர் – ஓர்' போன்ற சோடிகளில் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட வேண்டும். "ஹீ நாட் ஒன்லி சிங்ஸ் பட் ஆல்சோ எ டான்சர்" என்பதில் ஒரு பக்கம் வினை, மறுபக்கம் பெயர். 'டான்சஸ்' என்றால் இரண்டும் வினையாகிவிடும்.

வடிவம் மாறினாலும் பொருள் விளங்குகிறதே என்று சிலர் கேட்பார்கள். சிறு வாக்கியத்தில் விளங்கும். வேலை விண்ணப்பத்தில் ஐந்தாறு பொறுப்புகளை அடுக்கும்போது எது எதோடு சேர்கிறது என்பதை வடிவம்தான் காட்டும். விதியை மனப்பாடம் செய்தால் போதாதா என்பது இன்னொரு கேள்வி. "ஹீ ஸ்டாப்ட் ரீடிங் டு ஆன்சர் த ஃபோன்" என்பதில் இரு வடிவங்கள் இருந்தும் பிழை இல்லை. வாசிப்பை நிறுத்தியது எதற்கு என்பதைத்தான் 'டு' சொல்கிறது. அங்கே அடுக்கே கிடையாது. வெறும் மனப்பாடம் இங்கே பிள்ளையைத் தவறான விடைக்குக் கொண்டுபோகும். எது அடுக்கு, எது நோக்கம் என்று பிரிக்கும் அறிவு பிள்ளையின் தாய்மொழியில் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே இந்தப் பாடத்தைத் தமிழ் வாக்கியத்தில் தொடங்கி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவதே நியாயமான கற்பித்தல்.