‘ஒன்றுமில்லை’ என்ற மகள்

ஓய்வு பெற்றபோது கையில் வந்த தொகையைப் பிள்ளைகள் இருவருக்கும் இப்போதே பிரித்துக் கொடுத்து விடலாமா என்று யோசித்துக் கொண்டிருந்த நாட்களில்தான், ஷேக்ஸ்பியரின் ‘லியர் மன்னன்’ நாடகத்தை மறுபடி எடுத்தேன். நான் இலக்கியம் கற்றவனல்ல. டிப்ளமா முடித்து ரயில்வேயில் காலம் தள்ளியவன். பிழையிருப்பின் வாசகர்கள் பொறுத்தருள்க.

1606-ல் இங்கிலாந்து அரசவையில் நடிக்கப்பட்ட நாடகம் இது. முதிய லியர், நாட்டின் வரைபடத்தை விரித்து வைத்துக் கொண்டு, தன்மேல் யாருக்கு அதிக அன்பு என்று மூன்று மகள்களையும் கேட்கிறான். கோனரிலும் ரீகனும் வானளாவப் புகழ்கிறார்கள். கடைக்குட்டி கார்டீலியா, சொல்ல ஒன்றுமில்லை என்கிறாள். ஒன்றுமில்லாததிலிருந்து ஒன்றும் கிடைக்காது என்று மன்னன் மிரட்டுகிறான். மகளுக்குரிய கடமைப்படி நேசிக்கிறேன், கூடவுமில்லை குறையவுமில்லை என்பது அவள் பதில். அதற்கு அவள் கையாளும் சொல் ‘பாண்டு’. உறவின் கட்டு என்றும் பொருள். எழுதிக் கொடுக்கும் பத்திரம் என்றும் பொருள். அவள் சொன்னது கட்டு. அவன் காதில் விழுந்தது பத்திரம்! பங்கு கிடையாது என்று விரட்டி விடுகிறான்.

பிறகு நடப்பது வெறும் கழித்தல் கணக்கு. நாட்டைக் கொடுத்தவன் தனக்கென வைத்துக் கொண்டது நூறு வீரர்கள். ஒரு மகள் ஐம்பது போதும் என்கிறாள், இன்னொருத்தி இருபத்தைந்து. ஐம்பது இரு மடங்காயிற்றே, அப்படியானால் மூத்தவள் அன்பும் இரு மடங்கு என்று அப்போதும் கணக்குப் போடுகிறான் பாவம்! பத்து, ஐந்து என்று இறங்கி, ஒருவன்தான் எதற்கு என்பதில் முடிகிறது. புயலில் நிற்கிறான் கிழவன்.

கடைசியில் கார்டீலியாவைச் சந்திக்கும்போது, என்னை வெறுக்க உனக்குக் காரணம் உண்டு என்கிறான். காரணம் ஏதுமில்லை என்று இருமுறை சொல்கிறாள் அவள். அன்று அவனைச் சுட்ட அதே ‘இல்லை’, இன்று மன்னிப்பாகத் திரும்புகிறது. இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

கார்டீலியா பிழைப்பதில்லை. அதைப் பொறுக்காத நாஹும் டேட் என்பவர் 1681-ல் சுபமாக முடியும்படி மாற்றி எழுத, சுமார் 150 ஆண்டுகள் அதுவே மேடையேறியது. ஷேக்ஸ்பியரின் முடிவே சரி என்பேன். காலம் கடந்து வரும் தெளிவுக்கு விலை உண்டு.

என் மகன் தொலைபேசியில் நிறையப் பேசுவான். மகள், “மாத்திரை போட்டீங்களாப்பா?” என்பதோடு சரி. அவளுக்குப் பாசம் குறைவு என்று மனைவியிடம் பலமுறை குறைப்பட்டிருக்கிறேன். அந்த ஞாயிறன்று நானே அவளை அழைத்தேன்.

“என்னப்பா, உடம்புக்கு ஏதாவது...?”

“ஒண்ணுமில்லேம்மா” என்றேன்.

தொகை வங்கியிலேயே இருக்கிறது.